வெற்று மாதிரி

வெல்லவாய பஸ்ஸில் வந்து இறங்கியது கடல்.
ரெஜிபோம் பெட்டி, உள்ளே உருகிய ஐஸ்,
பதினெட்டுப் போத்தல், ஒவ்வொன்றிலும் சில சொட்டு அமிலம்.
மீன் என்று நினைத்து நடத்துனர் நூறு ரூபாய் கூடக் கேட்டார்.
மீன் இல்லை என்றேன்.
பிறகென்ன என்றார்.
தண்ணீர்.
சிரித்தார்: அப்புத்தளைக்கா, தண்ணீரா!

கரையோர ஆய்வுகூடத்தில் ஈயத்துக்கான விளக்கு போய்விட்டதாம்.
புதிது வர ஆறு மாதம்.
தேயிலையில் செம்பு தேட வாங்கிய எங்கள் உலை
இன்னும் ஓடுகிறது,
காலையில் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால்.

கடலை அளப்பதில் முதல் தொல்லை கடல்தான்.
லீற்றருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு.
அதற்குள் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒன்று, இரண்டு என
ஈயம் நிற்கிறது,
சம்பள நாள் கூட்டத்தில்
கடைக்காரர் கண்ணில் படாமல் நழுவுகிறவன் மாதிரி.
பிசின் நிரப்பிய குழாய்வழி சொட்டுச் சொட்டாக விட்டால்
உப்பு போய்விடும், உலோகம் மாட்டிக்கொள்ளும்.
நிமிடத்துக்கு இரண்டு மில்லி.
நிலந்தி அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவாள்.

போத்தல்களில் துவான் ரஸீனின் கையெழுத்து.
வள்ளத்தில் போய் அள்ளியவர், நான் கண்டதில்லை.
"நாலு. எண்ணெய் வாடை."
"ஏழு. வலையில் ஒன்றுமில்லை."
"பதினொன்று. கையில் பட்டால் கடிக்கிறது."
கடிப்பதற்கு எங்கள் அறிக்கையில் நிரல் கிடையாது.

எல்லாவற்றுக்கும் முதலில் வெற்று மாதிரி:
தூய நீர், அமிலம், வேறெதுவும் இல்லை.
நாகம், கடலில் பன்னிரண்டு.
வேறெதுவும் இல்லாததில் நாற்பத்தொன்று.

எங்கிருந்து ஊர்ந்து வந்தது இந்த நாகம்?
கையுறை மாற்றினேன். புது அமிலம் உடைத்தேன்.
வளையலைக் கழற்றினேன், முடியைக் குல்லாவுக்குள் திணித்தேன்.
முப்பத்தொன்பது.
நிலந்தி என் மூக்குத்தியைச் சந்தேகித்தாள்.

மூன்றாம் நாள் விடியுமுன் வந்து
மேசையருகே சும்மா உட்கார்ந்திருந்தேன்.
இது மூடிய தொழிற்சாலையின் கொழுந்து வாட்டிய மாடி.
மேலே தகரம்.
ஜன்னல் இடுக்கால் பனிமூட்டம் நுழைய
தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்தது,
ஓர் ஆணியின் நுனியில் திரண்டு, வெகுநேரம் யோசித்து,
டொக்.
முகவைக்கு நேர் மேலே.

மேசையை அரை அடி நகர்த்தினோம்.
வெற்று மாதிரி பூச்சியத்தை ஒட்டி வந்தது.
பதினோராம் போத்தல், ஈயம்: ஆறு தசம் எட்டு.
ஏழாம் போத்தல், கட்மியம்: கண்டறியும் எல்லைக்குக் கீழே.
இல்லை என்று பொருளல்ல,
எங்களுக்குத் தெரியவில்லை என்று பொருள்.
துவான் ரஸீனின் வலைக்கும் இது பொருந்துமா,
கேட்கவேண்டும்.

மூட்டம் விலகும் காலைகளில் இங்கிருந்தே தெற்கில் கடல் தெரியும்,
வெட்டிய நகத்துண்டு அளவு வெளிச்சம்.
எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் ஒருமுறை போனேன்.
பஸ்ஸில் வாந்தி எடுத்ததுதான் ஞாபகம்.

மிச்ச நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது.
இந்தச் சரிவில் இறங்கும் எந்த ஓடையும்
கடைசியில் அங்கேதான் போகும்.
நீலப் பீப்பாயில் சேர்க்கிறோம்.
பீப்பாய் நிறைந்தால் என்ன செய்வதென்று
யாரும் எழுதிவைக்கவில்லை.

எங்கள் லயத்துக்கும் இதே தகரம், இதே வயது.
கூரையோரம் மழைநீருக்கு ஒரு பீப்பாய்,
அதன் முன்னால் குடங்களோடு ஏழு வீடு.
வெள்ளிக்கிழமை அதிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்தேன்.
கோரிக்கைப் படிவம் இல்லை, கட்டணம் இல்லை, கேட்டவரும் இல்லை.
பதினெட்டும் முடிந்து உலை ஆறுமுன்
பத்தொன்பதாவதாக வைத்தேன்.

நிலந்தி பதிவேட்டைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
பேனாவை மூடினாள்.
"எந்த விளக்கைப் போட?" என்றாள்.